கிட்டாரின் தோளில் ஒரு பள்ளம்: கட்அவே உருவாகும் விதம்

போன வருடம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் தன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான். "அண்ணா, மேல இருக்கிற ஃப்ரெட்டுக்கெல்லாம் விரல் எட்டவே மாட்டேங்குது. இந்த ஓரத்த மட்டும் அறுத்து ஒரு கட்அவே வெச்சுக் குடுத்துடறீங்களா?" என்று கேட்டான்.

கழுத்தின் மேல் ஒட்டியிருக்கும் விரல்பலகையில் குறுக்கே பதித்த கம்பிகள்தான் ஃப்ரெட். அவன் கேட்டதில் தப்பே இல்லை. 'கட்அவே' என்ற பெயர் அப்படித்தான் நினைக்க வைக்கும். கழுத்தை ஒட்டி, உடலின் தோள்பட்டையில் ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கியிருக்கும் பள்ளத்துக்குத்தான் அந்தப் பெயர். எலக்ட்ரிக் கிட்டாரில் அதை நிஜமாகவே அறுத்துத்தான் எடுக்கிறார்கள், அது பெரும்பாலும் முழுக் கட்டை. அக்கூஸ்டிக் கிட்டாரோ வெற்றுப் பெட்டி. ஓரத்தை அறுத்தால் ஓட்டைதான் விழும். அந்த ஓட்டையை மூட அங்கே ஒரு புதுச் சுவர் வேண்டும். அந்தச் சுவர் வளைந்து உள்ளே போய், மறுபடி வளைந்து வெளியே வர வேண்டும். ஆகவே அக்கூஸ்டிக் கிட்டாரில் கட்அவே என்பது வளைப்பு வேலை. பெட்டி கட்டும் முதல் நாளிலேயே அது திட்டத்தில் இருந்தாக வேண்டும். அன்றைக்கு அந்தப் பையனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பெட்டியைப் புரிந்துகொள்வோம். தஞ்சாவூர் வீணையின் குடத்தைப் பலாக்கட்டையிலிருந்து குடைந்து எடுப்பார்கள். கிட்டாரில் குடைகிற வேலையே கிடையாது. எல்லாமே மெல்லிய பலகைகள். மேற்பலகை 2.5 முதல் 3 மில்லிமீட்டர் கனம். அதன் நடுவில் சுமார் 10 சென்டிமீட்டர் அகலத்தில் ஒலித்துளை. பின்பலகையும் கிட்டத்தட்ட அதே கனம்தான். இரண்டுக்கும் இடையே சுவர் மாதிரி நிற்பவை இரண்டு பக்கப்பலகைகள், கனம் 2 மில்லிமீட்டர் அளவு. அந்தச் சுவர்கள் கழுத்துப் பக்கம் ஒரு கட்டையிலும் வால் பக்கம் ஒரு கட்டையிலும் ஒட்டி நிற்கும். உடலின் வடிவத்தைச் சொல்வதற்கு நம் உடம்பின் பெயர்களே போதும்: மேலே தோள், நடுவே இடுப்பு, கீழே அகன்ற வயிறு. இவ்வளவு மெல்லிய பெட்டி, ஆறு இரும்புத் தந்திகள் சேர்ந்து இழுக்கும் சுமார் 70 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். அந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் கீழே சொல்லப்போகிற பல கட்டுப்பாடுகள் தானாகவே விளங்கும்.

அடுத்தது, பள்ளம் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும்? இதைக் கண்ணளவில் முடிவு செய்ய வேண்டாம், கணக்குப் போட்டுவிடலாம். தந்தியின் அதிரும் நீளம் 645 மில்லிமீட்டர் உள்ள ஒரு கிட்டாரை எடுத்துக்கொள்வோம். இரும்புத் தந்திக் கிட்டார்களில் பெரும்பாலும் 14-ஆம் ஃப்ரெட்டில் கழுத்து உடலோடு சேர்கிறது. கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் படிந்து நிற்கும் சிறு பட்டைக்கு நட் என்று பெயர். நட்டிலிருந்து 14-ஆம் ஃப்ரெட் சுமார் 358 மில்லிமீட்டர் தள்ளி வரும். கடைசி ஃப்ரெட்டான 20-ஆவது, 442 மில்லிமீட்டரில் வரும். இரண்டுக்கும் இடைவெளி 84 மில்லிமீட்டர். அந்த 84 மில்லிமீட்டர் தூரத்துக்கு விரல்பலகை உடலின் மேல் படுத்திருக்கிறது. சாதாரண கிட்டாரில் கை அங்கே போக முடியாமல் தோள் தடுக்கிறது. பள்ளம் 60 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் 18-ஆம் ஃப்ரெட்டுக்குச் சிரமமில்லாமல் போகலாம். முழு 84-ஐயும் இறக்கினால் ஒலித்துளையின் பக்கத்திலேயே வந்துவிடுவோம். நான் 70-இல் நிறுத்திக்கொள்வது வழக்கம். வாசிக்கிறவர் 20-ஆம் ஃப்ரெட்டில் எத்தனை முறை விரல் வைக்கப்போகிறார் என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும்.

"இப்படி ஒரு ஓரத்தை இழந்தால் சத்தம் குறையாதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கவலை. நான் செய்யும் கிட்டாரில் பள்ளம் விழுங்கும் பரப்பு சுமார் 45 சதுர சென்டிமீட்டர். மொத்த உடலின் பரப்பு 1250-ஐ ஒட்டி வரும். அதாவது 100-க்கு 4 பங்குக்கும் கொஞ்சம் குறைவு. பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கென்று ஒரு சுருதி உண்டு. சொம்பின் வாயில் ஊதினால் எழும் சத்தம் மாதிரிதான் அது, கிட்டாரில் சுமார் 100 ஹெர்ட்ஸ். காற்றின் அளவு 4 பங்கு குறைந்தால் அந்தச் சுருதி 2 ஹெர்ட்ஸ்தான் ஏறும். ஓர் அரைச்சுரம் ஏறவே 6 ஹெர்ட்ஸ் வேண்டும். அதோடு, மேற்பலகை நன்றாக அதிர்வது ஒலித்துளைக்குக் கீழே, தந்திகள் கட்டியிருக்கும் பிரிட்ஜைச் சுற்றிய அகன்ற வயிற்றில்தான். தோள் பக்கம் கழுத்துக்கட்டையும் குறுக்குச் சட்டமும் விரல்பலகையும் சேர்ந்து ஏற்கெனவே அழுத்திப் பிடித்திருக்கின்றன. பள்ளம் விழுவது அந்த ஊமை இடத்தில். ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அன்டோனியோ டி டோரஸ் 1862-இல் ஒரு கிட்டாரின் பின்புறத்தையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் போட்டார். ஒலியின் உயிர் மேற்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டவே அப்படிச் செய்தார். அந்தக் கிட்டார் இன்றும் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்அவே வைத்தால் குரல் போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நான் அந்த அட்டைக் கிட்டாரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

கட்அவேயில் முக்கியமாக இரண்டு வகை. பள்ளத்தின் ஓரத்தில் தோள் நீட்டிக்கொண்டு நிற்கும் முனையைக் கொம்பு என்போம். கொம்பு உருண்டையாக இருந்தால் வெனிஷியன், கூர்மையாக இருந்தால் ஃப்ளோரண்டைன். பெயர்கள் இத்தாலிய நகரங்களுடையவை என்றாலும், இந்த வடிவங்கள் அந்த நகரங்களில் பிறந்தவை அல்ல. ஆனால் வரலாற்றில் இத்தாலியர் ஒருவர் உண்மையாகவே வருகிறார். மாரியோ மக்காஃபெரி வடிவமைத்து, பாரிஸில் செல்மர் நிறுவனம் 1932-இல் கொண்டுவந்த கிட்டார்களில் கட்அவே இருந்தது. ஜாஸ் இசைக் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் வாசித்துப் பெயர் பெற்றவை அந்தக் கிட்டார்கள். அமெரிக்காவில் கிப்ஸன் நிறுவனம் 1939-இல் தன் எல்-5 கிட்டாருக்கு உருண்டைக் கட்அவே வைத்தது. 1949-இல் வந்த அதன் இஎஸ்-175 கிட்டாரில் கூர்க்கொம்பு இருந்தது.

செய்முறையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கூர்க்கொம்பில் பக்கப்பலகை இரண்டு துண்டு. தோள் வரை வரும் துண்டு ஒன்று, பள்ளத்துக்கான சின்னத் துண்டு இன்னொன்று. இரண்டும் கொம்பின் நுனியில் ஒரு சிறு கட்டையின் மேல் சந்திக்கும். ஒவ்வொரு துண்டையும் வளைப்பது லேசு. ஆனால் நுனியில் சேரும் மூட்டு மயிரிழை கூடப் பிசகக் கூடாது, எல்லோர் கண்ணும் அங்கேதான் விழும். உருண்டைக் கொம்பில் மூட்டே கிடையாது. ஒரே பலகை வாலிலிருந்து புறப்பட்டு வயிற்றில் வெளியே, இடுப்பில் உள்ளே, தோளிலும் கொம்பிலும் வெளியே, பள்ளத்தில் மறுபடி உள்ளே என்று வளைந்து கழுத்துக்கட்டையில் போய்ச் சேரும். முதல் முயற்சிக்கு எது என்று கேட்டால் நான் உருண்டையைத்தான் சொல்வேன். பலகை உடைந்தால் போகிற பணம் வலிக்கும். ஆனால் மரத்தைப் பற்றி அது கற்றுத்தருவதை வேறு எதுவும் தராது.

சரி, அந்த வளைப்புக்கு வருவோம். இந்த வேலையின் உயிர்நாடி இதுதான்.

மரத்தை வளைக்கும்போது உள்முகம் அமுங்குகிறது, வெளிமுகம் நீள்கிறது. எவ்வளவு நீள்கிறது என்பது கனத்தையும் வளைவின் ஆரத்தையும் பொறுத்தது. பலகை 2 மில்லிமீட்டர், கொம்பின் ஆரம் 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடு அடுக்கு நீளம் மாறாமல் இருந்தால், வெளிமுகம் 30-க்கு 1 என்ற கணக்கில் நீள வேண்டும், அதாவது 100-க்கு 3 பங்குக்கு மேல். ஆரம் 200 இருக்கிற வயிற்று வளைவில் அதுவே அரைப் பங்குதான். காய்ந்த மரம் 100-க்கு 1 பங்கு நீள்வதற்குள்ளேயே பெரும்பாலும் தெறித்துவிடும். அதனால்தான் வயிறு யாருக்கும் வளைகிறது, கொம்பு பலருக்கு உடைகிறது. பலகையை 1.7 மில்லிமீட்டருக்கு இழைத்தால் அந்த 3.3 பங்கு 2.8-ஆக இறங்கும். அந்த ஒரு பகுதியை மட்டும் கொஞ்சம் மெலிதாக்குவது இதற்குத்தான்.

மீதியைச் சூடு பார்த்துக்கொள்கிறது. மரத்தின் நார்களைப் பசை மாதிரி பிடித்து வைத்திருக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது இளகும், ஆறினால் இறுகும். இளகின மரத்திலும் ஒரு முக்கியமான குணம் உண்டு: அமுக்கினால் நிறைய விட்டுக்கொடுக்கும், இழுத்தால் கொஞ்சம்தான் விட்டுக்கொடுக்கும். 1850-களில் வளைத்த மரத்தில் நாற்காலி செய்த மைக்கேல் தோனெட் இதைப் புரிந்துகொண்டார். வளைவின் வெளிப்பக்கத்தில் இரும்புப் பட்டை ஒன்றை இறுக்கிக் கட்டினார். பட்டை நீளாது என்பதால் மரமும் நீள முடியாது. நீளாததால் கிழியாது, வளைவுக்குத் தேவையான மாற்றம் முழுவதும் உள்முகத்தின் அமுக்கத்திலேயே முடிந்துவிடும். கிட்டார்க் கொம்பை வளைக்கும்போது நாங்கள் வெளியே வைத்துப் பிடிக்கிற மெல்லிய எஃகுத் தகடும் அதே யோசனைதான்.

கையால் வளைக்கும் கருவி மிக எளிது: இரும்புக் குழாய் ஒன்று, உள்ளே சூடு. குழாயில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தால், காய்ந்த தோசைக்கல்லில் தெறிக்கிற மாதிரி உருண்டு ஓட வேண்டும், அதுதான் பதம். சொட்டு அப்படியே உட்கார்ந்து கொதித்தால் சூடு போதாது. மரம் பட்டவுடன் கருகல் வாசம் வந்தால் மிஞ்சிவிட்டது. பலகையின் இரண்டு முகத்திலும் தண்ணீர் தெளித்து, வளைவு வேண்டிய இடத்தைக் குழாயில் வைத்து, முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் அரை நிமிஷம் பலகை சண்டை போடும், கையை எதிர்த்துத் தள்ளும். அப்புறம் ஒரு நொடியில், திடீரென்று, எதிர்ப்பு விட்டுப்போகும். கைக்குள் தோல் வாரைப் பிடித்திருக்கிற மாதிரி ஆகிவிடும். இதை எழுத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது, வீணான துண்டுகளில் நான்கைந்து முறை வளைத்துப் பார்த்தால் கைக்குத் தெரிந்துவிடும். அந்த நொடிக்கு முன்னால் பலவந்தம் செய்தால் 'டிக்' என்று சன்னமாக ஒரு சத்தம் கேட்கும். என் மூன்றாவது கிட்டாரில் அந்தச் சத்தம் கேட்டது. பலகையைத் திருப்பிப் பார்த்தேன், கொம்பின் வெளிமுகத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு சிம்பு எழும்பியிருந்தது. இழைப்பு, இணைப்பு, வண்ணப் பொருத்தம் என்று இரண்டு வார வேலை போட்டு அந்த மரத்தைத் தயார் செய்திருந்தேன்.

அந்தச் சிம்பை அப்புறம் உன்னிப்பாகப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. அந்த இடத்தில் மரத்தின் நார்கள் பலகைக்கு இணையாக ஓடாமல், சாய்வாக மேலேறி வெளியே முடிந்திருந்தன. பலகை வாங்கும்போதே ஓரத்தைத் திருப்பி நாரோட்டத்தைப் பார்க்க வேண்டும். நார் நேராக ஓடும் பகுதியைக் கொம்புக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற இடத்தை வயிற்றுக்குக் கொடுத்துவிடலாம். இன்னொன்றும் அன்றைக்குத்தான் விளங்கியது. கொம்பில் வெளிமுகம் நீள்கிறது, அதனால் உடைப்பு வெளியே, கண்ணுக்குத் தெரிகிற பக்கம் வரும். பள்ளத்தில் வளைவு எதிர்ப்பக்கம் திரும்புவதால் பெட்டியின் உள்முகம் நீள்கிறது. அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் உள்ளே பசை விட்டு, மெல்லிய துண்டு ஒட்டிக் காப்பாற்றிவிடலாம். இதனால் நான் எப்போதும் கொம்பைத்தான் முதலில் வளைப்பேன். அது தாண்டிவிட்டால் மிச்சத்தை நிம்மதியாகச் செய்யலாம். உடைந்தாலும் ஒரு வளைவோடு போயிற்று.

மரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நன்றாக வளையக்கூடிய மரங்களில் நம் ஈட்டி மரம் முன்வரிசையில் நிற்கும். தோதகத்தி என்றும் சொல்வார்கள், உலகச் சந்தையில் அதற்குப் பெயர் இந்திய ரோஸ்வுட். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளர்வது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969 வாக்கில் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இதற்கு மாறியது. இன்று உலகின் எந்த மூலையில் கிட்டார் செய்கிறவரைக் கேட்டாலும் இந்த மரத்தைத் தெரிந்திருக்கும். தமிழ்நாட்டில் இதைப் பாதுகாக்க 1994-இல் தனிச் சட்டமே வந்தது. சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரமானாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்றது அந்தச் சட்டம். ஆகவே முறையாக ரசீதோடு விற்கும் இடத்தில்தான் வாங்க வேண்டும். இந்த மரத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: தண்ணீர் பட்டால் ஊதாச் சாயம் கசியும். கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வெள்ளையான ஸ்ப்ரூஸ் மர மேற்பலகையைத் தொட வேண்டும். மகோகனி கொஞ்சம் முரண்டு பிடிக்கும். சுருள்சுருளாக அழகு காட்டும் மேப்பிள் அதைவிடக் கஷ்டம், அந்தச் சுருளே நார் வளைந்து வளைந்து ஓடுவதால் வருவது. முதல் கட்அவேக்கு மேப்பிளைத் தொட வேண்டாம்.

வளைத்த பலகை ஆறும்போது கொஞ்சம் பின்வாங்கும். அதனால் தேவைக்குச் சற்று அதிகமாகவே வளைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் பொருத்திப் பிணைத்துவிட வேண்டும். அச்சு என்பது ஒட்டுப்பலகை அடுக்குகளில் கிட்டாரின் வெளிவடிவத்தை அறுத்தெடுத்த கூடு. பள்ளம் இருக்கும் இடத்தில் அச்சின் ஒரு நாக்கு பெட்டிக்குள் நீண்டிருக்கும். அந்த நாக்கின் மேல் சுவரை ஒட்டிப் பிடிக்க, உள்ளிருந்து அழுத்தும் கட்டையும் அதே வளைவில் வேண்டும். தட்டையான கட்டையை வைத்துக் கிளாம்பை இறுக்கினால் சுவர் நடுவில் மட்டும் படியும், இரண்டு பக்கமும் எழும்பி நிற்கும். இந்த நேரத்தில் மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது அவசியம். சுவர் எங்கும் செங்குத்தாக நிற்கிறதா, முறுக்கிக்கொண்டிருக்கிறதா? கொம்பில் ஒரு மில்லிமீட்டர் முறுக்கு இருந்தாலும், கடைசியில் பெட்டியின் வெளிவிளிம்பில் ஒட்டும் ஓரப்பட்டைக்குப் பள்ளக்கோடு இழைக்கும்போது அது ஒரு பக்கம் ஆழமாகவும் இன்னொரு பக்கம் மேலோட்டமாகவும் விழும். அப்போது சரிசெய்ய வழி இருக்காது.

அடுத்து கழுத்துக்கட்டை. சாதாரண கிட்டாரில் இரண்டு பக்கப்பலகையும் கட்டையின் நெற்றியில் வந்து ஒட்டும். கட்அவே இருக்கும் பக்கம் மட்டும் பலகை நெற்றியைத் தொட்டுவிட்டு, கன்னத்தை உரசிக்கொண்டு கீழே இறங்கும். ஆகவே அந்தக் கன்னத்தைச் சுவரின் வளைவுக்கு ஏற்றபடி உளியாலும் உப்புத்தாளாலும் தீட்டிப் பொருத்த வேண்டும். இடைவெளி விட்டுவிட்டு அதைப் பசையால் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. கழுத்தின் இழுவை முழுக்க இந்தக் கட்டை வழியாகத்தான் பெட்டிக்குப் போகிறது.

சுவரின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் 2 மில்லிமீட்டர்தான். அதன் மேல் பலகையை ஒட்ட அகலம் போதாது. அதனால் உள்ளே ஓரம் நெடுக ஒரு பட்டை ஒட்டுவார்கள். அதில் வரிசையாக அரை அறுப்பு போட்டிருப்பார்கள், வளைந்து கொடுப்பதற்காக. கொம்பில் அந்தப் பட்டை அறுப்பு விழுந்த இடத்திலேயே முறியப் பார்க்கும். அங்கே மட்டும் பட்டையை நனைத்து அதே சூட்டுக் குழாயில் முன்கூட்டி வளைத்துவிட்டு ஒட்டினால் படிந்து உட்காரும்.

கிட்டாரின் பலகைகள் பார்க்கத் தட்டையாகத் தெரிந்தாலும் தட்டை அல்ல. பின்பலகை சுமார் 4.5 மீட்டர் ஆரம் கொண்ட கோளத்தின் சில்லு மாதிரி லேசாக உப்பியிருக்கும், மேற்பலகை அதைவிடக் குறைவாக. இதோடு உடலின் ஆழமும் வாலிலிருந்து கழுத்துக்குப் போகப்போகக் குறையும். ஆகவே பள்ளத்தின் சுவரைப் பிரித்து மேஜையில் நீட்டி வைத்தால் அதன் பின்விளிம்பு நேர்கோடாக இருக்காது, ஓர் அலை மாதிரி ஏறி இறங்கும். முன்கூட்டியே அந்த அலையைக் கணக்கிட்டு வெட்ட முயன்று நான் ஒரு முறை அரை நாளைச் செலவழித்தேன். தேவையே இல்லை. பலகையை அகலம் கூடவே விட்டு வளைத்து, பெட்டிச் சுவரை முழுதாகக் கட்டின பிறகு, குழிவான தட்டில் உப்புத்தாள் ஒட்டி அதன் மேல் சுவரைக் கவிழ்த்துத் தேய்த்தால், அலை தானே வந்து நிற்கும்.

உள்சட்டங்களில் மாற்றம் குறைவு. மேற்பலகையின் உள்ளே பெருக்கல் குறி போலக் குறுக்கிட்டு நிற்கும் இரண்டு முக்கியச் சட்டங்களை நான் தொடுவதில்லை. ஒலித்துளைக்கு மேலே இருக்கும் குறுக்குச் சட்டம் மட்டும் இப்போது தோள்வரை போக முடியாது, பள்ளத்தின் சுவரிலேயே முடியும். அதை அளந்து குறைத்து, முனையைச் சுவரின் உள்ளே ஒட்டிய பட்டைக்குள் செருகி உட்கார வைக்க வேண்டும். செருகாமல் அந்தரத்தில் விட்டால், விரல்பலகையின் ஓரமாக மேற்பலகையில் நாளடைவில் விரிசல் ஓடும். பின்பலகையில் கழுத்தை ஒட்டிய முதல் சட்டத்துக்கும் இதே கதைதான்.

பலகைகளை ஒட்டிப் பெட்டியை மூடும் நாளை ஈரப்பதமானி பார்த்துத் தேர்ந்தெடுங்கள். காற்றில் ஈரம் 45 முதல் 50 சதவீதம் இருக்கும்போது ஒட்டினால் நல்லது. ஐப்பசி மழையில் சென்னை மாதிரி ஓர் ஊரில் மூடிய பெட்டியை ஏசி அறையில் கொண்டுபோய் வைத்தால், உப்பியிருந்த ஸ்ப்ரூஸ் சுருங்கி, விளிம்பில் பிடித்திருப்பதால் நடுவில் கிழியும். நான் மழைக்காலத்தில் வளைக்கும் வேலையை மட்டும் செய்வேன். மூடுவதைத் தள்ளிப்போடுவேன், இல்லையென்றால் ஈரம் இழுக்கும் இயந்திரத்தை ஒரு வாரம் ஓடவிட்டு அப்புறம் மூடுவேன்.

ஓரப்பட்டை ஒட்டுவதில் பிளாஸ்டிக் என்றால் தலைமுடி காயவைக்கும் கருவியின் சூட்டிலேயே கொம்பைச் சுற்றி வளைந்துவிடும். மரப்பட்டை என்றால் மறுபடி குழாய்தான். கூர்க்கொம்பு வைத்திருந்தால் நுனியில் இரண்டு பட்டையும் சாய்வறுப்பில் சந்திக்க வேண்டும், அதற்கு ஒரு நாள் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் பின்பக்கம் தடித்து நிற்கும் பகுதிக்குக் குதிகால் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். பள்ளம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், உள்ளங்கை அதில் நுழைவதற்கு முன் இந்தக் குதிகாலில்தான் இடிக்கும். கழுத்தை ஒட்டுவதற்கு முன் அதைத் தற்காலிகமாகப் பொருத்தி, வாசிக்கப்போகிறவரையே வரவழைத்து 17, 18, 19 என்று ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் விரல் வைக்கச் சொல்ல வேண்டும். கட்டைவிரல் எங்கே நிற்கிறது, உள்ளங்கை எந்த முனையில் உரசுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, கட்அவே பக்கத்துக் கன்னத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழைக்க வேண்டும். அந்தப் பையனுக்குக் கை சிறியது. அவனுக்காகச் செய்த கிட்டாரில் மூன்று முறை குறித்து மூன்று முறை இழைத்தேன். நான்காவது முறை அவன் 19-இல் சுண்டுவிரலை வைத்தான், தந்தி தெளிவாக ஒலித்தது. பென்சில் கோட்டை உப்புத்தாளால் அழித்துவிட்டுப் பசையைக் கலக்கப் போனேன்.